கருவாட்டு அறையில் வைத்த கரி

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. அந்த வீட்டில் பிறந்தவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு அது ஒரு நிபுணர் குழுவின் முன்னால் தெரிந்தது.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பயோசார் செய்கிறேன். கொட்டாங்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டெடுக்கும் கரி அது; உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கழிவுநீரில் உள்ள சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, புகைபோக்கிக் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க வைக்க வேண்டும். அதற்குக் குழு இன்னொரு வருடம் அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் அப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியதுதான். (எனக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும்.)

அந்த நேரம் பார்த்து ஆய்வகக் கூரை ஒழுகியது. கரி மூட்டையைக் கனகசெட்டிக்குளத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டிலேயே ஈரம் எட்டிப் பார்க்காத இடம், அம்மா விற்பனைக்குக் கருவாடு அடுக்கும் அறை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு அங்கே வைத்தேன்.

குழு வந்தது. கண்ணாடிக் குழாயில் கரியை நிரப்பி நீலச் சாயத்தண்ணீரை ஊற்றினேன். கீழே வைத்த குவளையில் பளிங்குபோல் சொட்டியது. குழுத் தலைவர் அசந்துபோய்க் குவளையை முகத்தருகே கொண்டுபோனார். போன வேகத்தில் குவளை திரும்பி வந்தது.

"தம்பி, இதுல கருவாடு போட்டீங்களா?"

நானும் மோந்து பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். (அதுதான் இன்னும் மோசம்.)

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் குவளையை வாங்கி மோந்தார். மூட்டை எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்தால், "உங்க அம்மாவுக்கு போன் போடு, ஸ்பீக்கர்ல" என்றார். மூட்டையை வைத்த பிறகு அந்த அறையில் நாற்றம் எப்படி இருந்தது என்று அம்மாவிடமே விசாரித்தார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மேடம். இவன் மூட்டய வச்சதுலேந்து வாசனையே இல்ல. கருவாட்ட எவனோ தூக்கினு போயிட்டான்னு நெனச்சு ஓடிப்போயி பாத்தேன். எல்லாம் அப்படியே இருக்குது."

மேடம் குழுவைப் பார்த்தார். "காத்துலேந்தும் பிடிக்குது சார்."

"கரியமில வாயு வேற, கருவாட்டு வாசனை வேற மேடம்."

"வேறதான் சார். அதுக்குத்தான் இன்னொரு வருஷம் கேக்குறோம்."

குழுத் தலைவர் சிரித்துவிட்டார். அனுமதி வந்தது, கரியை இனி ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு. கவிழ்ந்த படகை அலை மேலேயே நிமிர்த்தும் ஆட்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். மேடம் அன்று செய்தது அதற்குக் குறைந்ததில்லை.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தங்கச்சி என் சட்டைப் பையில் இரண்டு துண்டு கரியைப் போட்டுவிடுகிறாள்.

"பொண்ணு வூட்டுல எதுனா கேட்டா மேடத்துக்கு போன் போடுண்ணே."