ஊருக்கு வராத மாப்பிள்ளைக்குப் போட்ட கோட்

சிதறால்,
புதன்கிழமை மதியம்.

கர்த்தருக்குள் பிரியமான அக்கா நேசம்மாளுக்கு, தம்பி ரசலையன் எழுதுவது. இங்கே நானும் சபிதாவும் மகள் ஜெப்சியும் தேவகிருபையால் சுகம். தாம்பரத்தில் உங்கள் முட்டுவலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஜெப்சியின் கல்யாணம் நின்றுபோனதாக இன்று காலையில் உங்கள் காதுக்கு வந்த செய்தி பொய். நிற்கவில்லை. நீங்கள் ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவீர்கள், அத்தான் கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

நடந்தது என்னவென்றால், மாப்பிள்ளைக்குக் கோட் எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு என்பது நீங்கள் அறிந்ததே. மேற்படி மாப்பிள்ளை எட்சன் கத்தாரில் இருக்கிறார், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்புதான் வருவார், டெய்லருக்கு அளவு கொடுக்க ஆள் இல்லை. ஜெப்சிதான் சொன்னாள், ஆன்லைன் கடையில் மாப்பிள்ளையின் படத்தைக் கொடுத்தால் போதும், கோட்டை அவருக்குப் போட்டே காட்டிவிடும் என்று. நிச்சயத்தன்று நம் வீட்டு முன்வாசலில் அவரும் நானும் நின்று எடுத்த படத்தைக் கொடுத்தேன். முதலில் அந்தச் சனியன் கோட்டை எனக்குப் போட்டுவிட்டது. எடுப்பாகத்தான் இருந்தேன், இருந்தாலும் என்னை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் மாப்பிள்ளைக்கு நீலக் கோட், டை, எல்லாம் கனகச்சிதம். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஒரு தாளைக்கூட ரெண்டு தடவை படிக்காமல் அனுப்பாதவன், சந்தோஷத்தில் அந்தப் படத்தை நேற்று ராத்திரி அப்படியே கருங்கல் ஊருக்கு, சம்பந்தி செல்வனுக்கு அனுப்பிவிட்டேன். கீழே ஒரு வரி: ‘மாப்பிள்ளைக்குக் கோட் போட்டுப் பார்த்தாச்சு.’

அக்கா, அவங்க குடும்பத்துல நிச்சயம் முடிஞ்சா தாலி கட்டுறது வரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது. அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகத்துல இல்ல. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்னுது. பதினோரு பேர் இறங்குனாங்க. சம்பந்தியம்மா ஞானபாய் முன்னால வந்து, “எனக்க மவன எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு? பெத்த தள்ளைக்கு மொகத்தக் காட்டாம பெண்ணு வீட்டுக்கு வந்தாச்சு, இல்லியா?”ன்னு கேட்டுக்கிட்டே உள்ளே போய், அரிசிப் பானை மூடியைத் தூக்கிப் பாத்தாங்க. அதுக்குள்ள எட்சன் எப்படி இருப்பார்? நான் அது கம்ப்யூட்டர் கோட் போட்ட படம்னு சொல்ல, செல்வன், “உம்ம வாசல்படி எனக்குத் தெரியாதா ஓய்? கோட்டும் வாசலும் படத்துல இருக்கு, பய மட்டும் கத்தார்லயா?”ன்னு கேக்க, எட்சனுக்குப் போன் போட்டா எடுக்கல. வேலை நேரத்துல அங்க போன் வச்சுக்க விடமாட்டாங்கன்னு நானே சாட்சி சொன்னேன். யாரு நம்புவா? “இந்தச் சம்பந்தம் வேண்டாம்”னு ஒரு பெரியப்பா சொல்லியே போட்டார். சபிதா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

ஜெப்சிதான், கைலியும் தோள்ல துவர்த்துத் துண்டுமா நின்ன செல்வனை அந்த வாசல்ல வச்சே ஒரு படம் எடுத்தா, அதே நீலக் கோட்டைப் போட்டு அவர் கையில குடுத்தா. மனுஷன் போனைப் பாத்தார், தன்னைக் குனிஞ்சு பாத்தார், நெஞ்சைத் தடவிப் பாத்தார். ஞானபாய் எட்டிப் பாத்து, “நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீரு இப்படி இருக்கல்லியே”ன்னாங்க. அவ்வளவுதான், தீந்துது. பிறகு, “மக்களே, எனக்கும் ஒரு பச்சைப் பட்டு போட்டுக் காட்டேன்”னு கேட்டாங்க. பதினோரு பேருக்கும் பட்டும் கோட்டும் போட்டாச்சு, ஜீப் டிரைவருக்கு ஷெர்வானி. ‘சம்பந்தம் வேண்டாம்’ பெரியப்பா மூணு கலர்ல பாத்தார். ரெண்டு தடவை சாயா போட்டு, சிரிச்சுக்கிட்டே இப்பதான் கிளம்புனாங்க. அப்பாடா! காலையிலேர்ந்து இப்பத்தான் மூச்சு விட்ட மாதிரி இருக்கு.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். கர்த்தர் உங்களைச் சுகமாகக் கல்யாண வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் தம்பி,
ரசலையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் புறவாசலுக்குப் போனேன் அக்கா. பெட்டியும் கையுமா எட்சன் நிக்கிறார்! லீவு முன்னாடியே கிடைச்சுதாம். காலையில போன் எடுக்காதது பிளேன்ல இருந்ததாலயாம். வீட்டுக்குப் போறதுக்கு முன்னால ஜெப்சியை ஒரு தடவை பாத்துட்டுப் போகணுமாம். அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துறதுக்குள்ள ஜீப் திரும்பி வந்துட்டு. ஞானபாய் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மேஜையில மறந்துட்டுப் போயிருக்காங்க. நடுவீட்டுல மூச்சுவிடாம நிக்கிற மகனை வெறுங்கண்ணால மேலயும் கீழயும் பாத்துட்டு, “ஓஹோ, ஆள் ஒசரத்துக்கே காட்டுமா இது? நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்க மவனுக்கு இம்புட்டு வயிறு கெடயாதே”ன்னாங்க. இப்போ கண்ணாடியை எடுத்துத் துடைச்சுக்கிட்டிருக்காங்க அக்கா.