கேரம் பலகையைப் பராமரித்த கரடியார்

ஒரு காட்டில், மலை இறங்கி முடிகிற இடத்தில், நாச்சிமுத்து என்று ஒரு கரடி இருந்தது. 'இருந்தது' என்று எழுதினால் அதற்குக் கோபம் வருமாம், அதனால் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய மனைவி பாவாயிக்கு இந்த மாதிரிக் கோபம் எதுவும் கிடையாது. அவளை அவள் என்றே சொல்லலாம்.

பாவாயி கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு ஒரு கேரம் பலகையும் வந்தது. நல்ல கனமான பலகை. மூலைக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு வலை, ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்பு. ஸ்ட்ரைக்கர் மட்டும் தந்தத்தில் செய்தது என்று மாமனார் ரகசியமாகச் சொன்னார். யானை யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொன்னார்.

கல்யாணமான முதல் வாரமே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு ஆட்டம். தோற்றவர் அந்த வாரத்துக்குத் தேன் எடுக்க மரம் ஏற வேண்டும். மரம் உயரம், தேனீக்கள் மலைத்தேனீக்கள். ஆறு வருஷத்தில் முந்நூறு சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. நாச்சிமுத்து அத்தனையிலும் தோற்றார். கொட்டு வாங்கி வாங்கி மூக்கு வீங்கிப்போய், ஒரு விசேஷத்தில் சொந்தத் தம்பியே அவரைப் பார்த்து 'நீங்க எந்த ஊருங்க' என்று கேட்டான்.

அவர் அடிக்கிற அடி அப்படி. ஸ்ட்ரைக்கர் பலகையின் நடு வரைக்கும் போகும், கொஞ்சம் யோசிக்கும், நின்றுவிடும். பாவாயி சுண்டினால் நாலு காய் சேர்ந்தாற்போல் உள்ளே போகும். சிவப்பைப் போட்டு அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயையும் போட்டுவிட்டு, அடுப்பில் என்ன ஆயிற்று என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் அப்போதுதான் சம்மணம் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்.

ஒழுக்கமான நீதிக்கதையாக இருந்தால் இந்தக் கரடி பொழுது விடியுமுன் எழுந்து பயிற்சி செய்து கடைசியில் ஜெயித்திருக்கும். நாச்சிமுத்துவும் இரண்டு நாள் பயிற்சி செய்து பார்த்தார். விரல் வலித்தது. மூன்றாம் நாள், மூக்கில் சேற்றுப் பற்றோடு படுத்துக்கொண்டு, ஆட்டமே நடக்காவிட்டால் தோல்வி எங்கிருந்து வரும் என்று யோசித்தார். அன்று சாயங்காலமே, இத்தனை அருமையான பலகை கவனிப்பாரில்லாமல் வீணாகிறது, இன்று முதல் அதற்கு நானே பராமரிப்பு அலுவலர் என்று வீட்டில் அறிவித்தார்.

பாவாயிக்குச் சந்தோஷம். அதுவரைக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கேரம் பலகையைப் பார்த்துக்கொள்வது மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றுமில்லை. காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரம் படாமல் மட்டமாக வைக்க வேண்டும், ஆடும்போது ஒரு சிட்டிகை பவுடர் தூவ வேண்டும், ஆடி முடித்ததும் போர்வை போட்டு மூட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். அந்த ஐந்து நிமிஷ வேலையையாவது இந்த மனுஷன் பங்குபோட்டுக்கொள்கிறாரே என்று நினைத்தாள். கரடியை மனுஷன் என்று நினைத்தது அவளுடைய பிரியம்.

அலுவலர் முதல் காரியமாக, ஆட விரும்புகிறவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம் தயார் செய்தார். தேக்கு இலையில், மூன்று பிரதி. பெயர், இனம், நகத்தின் நீளம், வால் உண்டா, உண்டென்றால் ஆடும்போது அதை எங்கே வைத்துக்கொள்வதாக உத்தேசம். பலகை சம்பந்தமான புகார்கள் அனைத்தும் பராமரிப்பு அலுவலருக்கே தரப்பட வேண்டும் என்று அடியில் ஒரு வரி. முதல் ஞாயிறு, படிவத்தில் பாவாயியின் நக அளவு சரியில்லை என்று ஆட்டம் தள்ளிப்போனது. இரண்டாம் ஞாயிறு, காற்றில் ஈரம் அதிகம். மூன்றாம் ஞாயிறு, பவுடர் தீர்ந்துவிட்டது.

பவுடர் தீர்ந்தது மட்டும் நிஜம். காட்டு விளிம்பில் ஒரே ஒரு கடையில்தான் போரிக் பவுடர் கிடைக்கும். நாச்சிமுத்து போய் வரிசையில் நின்றார். காலையிலிருந்து உச்சி வரைக்கும் நின்று, அவர் முறை வந்தபோது கடைக்கார நரி சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று கதவைச் சாத்தியது. கடுப்போடு வீட்டுக்கு வந்தவர் கண்ணில், பாவாயி புட்டுக்காக இடித்து வைத்திருந்த அரிசி மாவு பட்டது. தொட்டுப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது, வழுவழுவென்று இருந்தது. ஒரு பவுடருக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று இரண்டு கைப்பிடி அள்ளிப் பலகையில் தூவினார்.

மறுநாள் காலையில் எறும்புகள் வந்தன. சுவரிலிருந்து இறங்கி, சுவரோரம் இருந்த மூலை வழியாகப் பலகையில் ஏறி, மாவைச் சுமந்துகொண்டு அதே வழியில் திரும்பின. நாச்சிமுத்து தன் வாழ்நாளில் பார்த்த வரிசைகளிலேயே ஒழுங்கான வரிசை அதுதான். யாரும் நடுவில் புகவில்லை, யாரும் மச்சானுக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. கரடிக்கும் எறும்புக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் சூடான பஜ்ஜிக்கும் உள்ள உறவுதான்.

துடைப்பதற்காகத் துணியைக் கையில் எடுத்தார். துணியைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், பாவாயி எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார். பிறகு குனிந்து அந்த மூலையை நாக்கால் துடைத்தார். சுத்தமாகத்தான் போனது. அன்றிலிருந்து காலையும் மாலையும் பராமரிப்பு நடந்தது. முடிந்ததும் மறக்காமல் புது மாவு தூவினார். தூரத்திலிருந்து பார்த்த பாவாயி, எங்கள் வீட்டுக்காரர் பலகையில் மூக்கை வைத்தல்லவா சோதிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஆட்டம் இல்லை, அதனால் தோற்றவர் இல்லை, அதனால் மரம் ஏற ஆள் இல்லை. அலுவலர் எறும்பு தின்று ஒரு சுற்றுப் பெருத்தார். பாவாயிக்கோ தேன் இல்லாமல் நாக்கு செத்துப்போயிருந்தது. இந்த ஞாயிறு ஆடியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நகத்தை ஒட்ட வெட்டினாள், மூன்று பிரதியும் எழுதிக்கொடுத்தாள், நடுவராக முள்ளம்பன்றி செங்கோடனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். இனித் தப்ப முடியாது என்று தெரிந்ததும் நாச்சிமுத்து பயந்துபோய் மூக்கைத் தடவிக்கொண்டார்.

பாவாயி சுண்டினாள். மூன்று கறுப்பு விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் சுவரோர மூலைக்கு வழுக்கிக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது. மைனஸ். விழுந்த காய்களை எடுத்து நடுவில் வைத்தாள். அடுத்த முறையும் அதுவே, அதற்கடுத்த முறையும் அதுவே. ஒரு மாத எச்சிலில் ஊறி அந்த மூலை தொய்ந்து போயிருந்தது. வேகமாக அடிக்கிறவருடைய ஸ்ட்ரைக்கர் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய் விழும். நாச்சிமுத்து அடித்தது எப்போதும்போல நடுவிலேயே நின்றது. அது லேசாக இடித்த காய்கள் மட்டும் தாங்களாகவே சரிவில் இறங்கி ஒவ்வொன்றாகக் குழிக்குள் போயின. பாவாயி சிவப்பைப் போட்டாள், கூடவே ஸ்ட்ரைக்கரும் போனது, சிவப்பு நடுவுக்குத் திரும்பியது. ஒரு மணி நேரத்தில் நாச்சிமுத்து ஜெயித்துவிட்டார். அவராலேயே நம்ப முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதார்.

பாவாயி குனிந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். சுவரோர மூலை பள்ளமாக இருந்தது. வார்னிஷ் போன இடத்தில் நாக்கின் தடம் வரிவரியாகத் தெரிந்தது. பலகை சாய்ந்திருக்கிறது, இந்த ஆட்டம் செல்லாது என்று நடுவரிடம் சொன்னாள். செங்கோடன் தேக்கு இலையின் அடிவரியைப் படித்துக் காட்டி, புகாரைப் பராமரிப்பு அலுவலரிடம் கொடுக்கச் சொன்னது. அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவம் எடுத்தார்.

"புகார் குடுக்கறவங்க பேரு?"

"உங்க பொண்டாட்டி."

"புகார் யார் மேல?"

"உங்க மேல."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தொண்ணூறு நாளில் நேரில் வந்து ஆய்வு செய்வதாகவும், அதுவரைக்கும் ஆட்டத்தின் முடிவு செல்லும் என்றும் சொல்லித் தேன் பானையை அவள் கையில் கொடுத்தார்.  ஆறு வருஷம் நேராக ஆடி ஜெயித்தவள், சொந்த வீட்டில், சொந்தப் பலகையில், எச்சிலிடம் தோற்றிருக்கிறாள். பானையை அங்கேயே வைத்துவிட்டு மரம் ஏறினாள்.

ஏறக்குறைய இரண்டு மாதமாக யாரும் தொடாத தேனடை, ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து பானையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து காத்திருந்தார். அரை மணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. மேலேயிருந்து உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பாவாயி, பானைக்குத் தேன் எங்க?"

"அடையெல்லாம் பராமரிப்புல இருக்குதுங்க. இப்ப யாரும் தொடக்கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"தீர்ற வரைக்குமுங்க."

நீதி: எடுத்துத் தின்றால் திருட்டு என்பார்கள். பராமரிக்கிறேன் என்று அறிவித்துவிட்டுத் தின்னவும்.