ஸியாமின் அரைகுறைக் கம்ப்யூட்டரை விற்ற விபரம்

அலுவிகாரை,
மாத்தளை.

அன்பின் மச்சான் ஸியாமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் ராத்தா ஸரீனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மெல்பன் குளிரில் நீயும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசும்போது உன் ராத்தா பக்கத்தில் நின்று வசனத்துக்கு வசனம் திருத்துகிறாள். அதனால் எழுதுகிறேன்.

பேராதனையில் படித்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து தபாலில் எடுப்பித்து, பாதியை ஈயத்தால் ஒட்டி, மீதியை லீவில் முடிக்கிறேன் என்று அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வெளிநாடு போனாயே, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை விற்றுவிடச் சொல்லியிருந்தாய். இறக்கித் திறந்தேன். பாதி ஒட்டிய ஒரு பச்சைப் பலகை, கறுப்பு ஸ்பொஞ்சில் குத்தி வைத்த மீதிச் சிப்புகள், பிஸ்கட் அளவில் ஒரு கீபோர்ட், கசெட் ரெக்கோடருக்கு ஒரு வயர், டீவிக்கு ஒரு வயர், கரண்டுக்குச் செங்கல் கனத்தில் ஒரு பெட்டி. எங்கள் மகள் றிஸ்மியா படம் எடுத்து, 'முடிக்கப்படாத பழைய கம்ப்யூட்டர், சகல பாகங்களுடனும்' என்று இணையத்தில் விளம்பரம் போட்டாள். முதல் அழைப்பு வில்கமுவவிலிருந்து ஒரு விவசாயி. இதை வேலியில் பூட்டினால் யானை வயலுக்குள் வராதா என்று சிங்களத்தில் கேட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை என்றேன். மனுசன் கோபிக்கவில்லை. பிறகு என்னதான் செய்யும் என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். டீவியில் பூட்டுவதாம் என்று மட்டும் சொன்னேன். தன்னிடம் பெரிய பழைய டீவி ஒன்று கிடக்கிறது, தேவையென்றால் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். விற்கப் போன இடத்தில் எனக்கு ஒரு டீவி கிடைக்கப் பார்த்தது.

சனிக்கிழமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கண்டிப் பக்கத்து ஆள், கையில் சின்னத் தராசு. சிப்புக் கால்களில் தங்கம் பூசியிருக்கிறதாம், அசிட்டில் போட்டு எடுப்பாராம். மற்றவர் தவமணிதேவி மிஸ். ஊர் யாழ்ப்பாணம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்று, மாத்தளை டவுனில் தனியாக இருக்கிறார். தராசுக்காரர் பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, மிஸ் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பூதக்கண்ணாடியைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஆர் ஒட்டினது?"

"எங்க தம்பி," என்றாள் ஸரீனா.

"நல்ல கை. ஒரு சொட்டு ஈயம் வெளியில போகேல்ல. ஆனா இந்த ஒரு சிப்பைத் திசை மாறிக் குத்தி வச்சிருக்கிறார். முடிச்சுக் கரண்டில போட்டிருந்தா புகைதான் வந்திருக்கும். பாதியில விட்டதால தப்பிச்சுது."

மச்சான், உன் சோம்பலை ஒருவர் பாராட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். தராசுக்காரர் விலையைக் கூட்டினார். உண்மையைச் சொன்னால் சரி என்று என் தலை ஆடத் தொடங்கிவிட்டது. ஸரீனா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "எங்க தம்பி கண்ணு நோக நோக ஒட்டினது. அத அசிட்ல போடக் குடுக்க ஏலாது. நீங்க டீய குடிச்சிட்டு போங்க," என்றாள். அவர் குடிக்காமலே போனார்.

மிஸ் வாங்கிக்கொண்டு போவார் என்று பார்த்தால், அவர் கைப்பையிலிருந்து ஈயம் ஒட்டும் கோலை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். வேலை செய்யுமா என்று தெரியாமல் எப்படி வாங்குவது என்கிறார். அதுவும் நியாயம்தானே. அன்று தொடங்கி சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்தார். நாங்கள் பாயில் சாப்பிட்டோம். ஒருமுறை வீட்டுக் கரண்ட் மொத்தமாகப் போய், ஃப்ரிட்ஜில் வைத்த வட்டிலப்பம் கெட்டது. ஸரீனா ஒரு வார்த்தை பேசவில்லை, ஸியாம். நான் ஒரு பல்பை மாற்றி ஃபியூஸ் போனாலே ஒரு கிழமை பேசுகிறவள், மிஸ்ஸுக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவின் கைகளை நீ பார்த்திருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும். கோல் பலகையைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். இத்தனை காலம் மிளகும் கராம்பும் விற்றவன் நான், அப்படி ஒரு நிதானத்தை எந்தக் கையிலும் கண்டதில்லை.

எல்லாம் முடிந்தபின் எங்கள் வீட்டுத் தட்டை டீவி இந்த வயரை ஏற்க மாட்டேன் என்றது. வில்கமுவக்காரரைக் கூப்பிட்டேன். மனுசன் அந்தப் பெரிய டீவியைச் சாக்கில் சுற்றி, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். யார் செய்வார்கள் சொல்லு. "யானைய விரட்டாட்டியும் பரவாயில்ல, என்ன செய்யுதுன்னு பாத்துட்டு போறேன்," என்று சிங்களத்தில் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார். மிஸ் சுவிட்சைப் போட்டார். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தது. பிறகு வெள்ளையானது. கீழ் மூலையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். அவ்வளவுதான்.

"தம்பியின்ர பெயர் என்னண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டு மிஸ் எதையோ தட்டினார். உன் பெயர் இங்கிலீசில் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பத் திரை நிறைய வந்து நின்றது. ஸரீனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். வில்கமுவக்காரர் தன் பெயரையும் போடச் சொன்னார். போட்டதும் எழுந்து நின்று பார்த்தார்.

ஆக, விற்றாயிற்று. சொன்ன விலையைக் கொடுத்து மிஸ் பெட்டியை வாங்கிப் போய்விட்டார். தகுதியான கைக்குப் போனது என்று நீ நிம்மதியாக இருக்கலாம். எங்கள் சாப்பாட்டு மேசையும் திரும்பக் கிடைத்தது. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். உன் தொழிலிலும் ஆயுளிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
நுஹ்மான்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் மிஸ், கையில் உன் கம்ப்யூட்டர். "முடிச்ச சாமானை வச்சு நான் என்ன செய்யிறது? முடிக்காதது வேற ஏதும் இருக்கோ?" என்றார். நான் கழற்றிவிட்டுப் பூட்டத் தெரியாமல் பேசினுக்குள் போட்டிருந்த தண்ணி மோட்டரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. காசைத் திருப்பித் தர வேண்டாம், மாற்றிக்கொள்வோம் என்று கம்ப்யூட்டரை வைத்துவிட்டு அதை எடுத்துப் போனார். ஆகவே உன் கம்ப்யூட்டர் விற்கப்படவில்லை, அலுமாரிக்கு மேல் முழுசாக இருக்கிறது. இந்த வீட்டில் நீ பாதியில் விட்டுப்போனது இன்னும் ஏதாவது இருந்தால் உடனே அறியத் தா. மிஸ் சனிக்கிழமை வருகிறார்.