பால்கனிக்கு ஒரு மனு

தசரதன் தன் மனைவியிடம் சொன்ன பொய்களிலேயே மிக அழகான பொய், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவே பிறந்தது.

"கப்பல்ல ரூம் போட்டாச்சு வரலட்சுமி. சென்னைத் துறைமுகத்துல ஏறறோம். இலங்கையைப் பார்த்துட்டு அஞ்சாம் நாள் திரும்பி வரோம்."

வரலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரூமுக்கு ஜன்னல் இருக்கா?"

"ஜன்னலா? பால்கனியே இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அதற்குள் வரலட்சுமி நாலாவது இட்லியையும் தட்டில் வைத்து, அதன் தலையில் நெய்யும் ஊற்றிவிட்டாள். நெய் விழுந்த பொய்யைத் திரும்பப் பெற எந்த ஆண்பிள்ளையாலும் ஆகாது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

உண்மையில் அவர் போட்டிருந்தது கப்பலின் வயிற்றுக்குள் ஓர் அறை. நாலு பக்கமும் சுவர். "ஒரு சுவத்துல கடல் படம் மாட்டியிருப்பாங்க சார்" என்று அம்பத்தூர் ஏஜென்ட் ஆறுதல் சொல்லியிருந்தான்.

பால்கனி அறை வாங்க முடியாதவர் அல்ல தசரதன். ஆனால் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அதில் என்ன சாமர்த்தியம்? ஏஜென்ட் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னான்.

"ரூம் நம்பர் இப்போ வராது சார். கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கம்பெனி அலாட் பண்ணும். மேல் ரூம் காலியா இருந்தா சில பேருக்கு மாத்திக் கொடுப்பாங்க. அது நம்ம கையில இல்ல."

அலாட் என்ற சொல் காதில் விழுந்ததும் தசரதனுக்கு நாடி நரம்பெல்லாம் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு ஏஜென்ட் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அதில் பதினெட்டு வருஷம் குவாட்டர்ஸ் ஒதுக்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி. திருநெல்வேலியிலிருந்து வந்தவனுக்கும் தர்மபுரியிலிருந்து வந்தவனுக்கும் வீடு வாங்கிக் கொடுத்த கை அவருடையது. எந்தக் காரணத்தைக் காட்டினால் கோப்பு நகரும், எந்தக் காரணத்தைக் காட்டினால் ஓடும் என்று அவருக்குத் தெரியும். சீனியாரிட்டி என்று எழுதினால் நகரும். மெடிக்கல் கிரவுண்ட் என்று எழுதினால் ஓடும். குடும்பத்தில் இரண்டு பேருக்கு வியாதி என்றால் பறக்கும்.

தனக்கு மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் மாடியில் பால்கனி வைத்த வீடு ஒன்று காலியாயிற்று. பட்டியலில் முதல் பெயர் தசரதன். கூட்டத்தில் எழுந்து, "எனக்கு வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது வரலட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கை தட்டினாங்களா?"

"பின்னே!"

"நல்லது" என்று சொல்லிவிட்டு, சந்துக் கம்பியில் காயாமல் கிடந்த துணிகளைத் திருப்பிப் போடப் போனாள்.

ஓய்வுக்குப் பிறகு அண்ணனூரில் வாங்கிய வீடும் தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் மதில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பணிமனைக்குப் போகும் மின்ரயிலின் சத்தம் மட்டும் வரும், ரயில் வராது. ஆக, வரலட்சுமிக்கு ஒரு பால்கனி பாக்கி என்பது தசரதனுக்கும் தெரியும். அதைப் பொய்யாகவே கொடுத்துவிட்டு, மனுப் போட்டு மெய்யாக்கிவிடலாம் என்பது அவர் திட்டம்.

மனு இரண்டு பக்கத்துக்கு வந்தது. கூடவே நெமிலிச்சேரி டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய சான்றிதழ். அதை வாசற்படியில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் துலுக்கானம் எட்டிப் பார்த்தார். அண்ணனூர் மனைகளாகப் பிரிவதற்கு முன்னால் அங்கே நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் போய், பிடிவாதத்துக்கு ஓர் எருமை மட்டும் மிச்சம். தசரதன் தெருவெல்லாம் பால்கனிப் பெருமை பேசியதில், துலுக்கானத்தின் மனைவி பஞ்சவர்ணம் அடம்பிடித்து, அவர்களும் அதே கப்பலில் ஜன்னலில்லாத அறை ஒன்று போட்டிருந்தார்கள்.

"இன்னா சார் இது, ஆஸ்பத்திரி சீட்டா?"

"மனு. கப்பல் கம்பெனிக்கு."

துலுக்கானம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார்.

"உன் ஊட்டம்மாவுக்கு மூடின ரூம்ல மூச்சு முட்டுதா? நேத்து எங்க எருமை கயித்த அத்துக்கினு ஓடச்சொல்ல, தெருக்கோடி வரைக்கும் அந்தம்மாதான தொரத்திக்கினு போச்சு?"

"அது வேற. இது மெடிக்கல் கிரவுண்ட்."

"உனக்குத் தலை சுத்துதுன்னு வேற எழுதிகீற?"

"ரெண்டு பேருக்கும் இருந்தா பலம். நல்ல காத்து வேணும்னு கேக்கலாம்."

"சார், இது கப்பலு. உன் குவாட்டர்ஸ் இல்ல."

"உனக்கு அலாட்மென்ட் பத்தித் தெரியாது துலுக்கானம்."

"எனக்குப் பொண்டாட்டி பத்தித் தெரியும் சார். ஊட்ல சொல்லிட்டியா?"

தசரதன் மனுவை மடித்தார். பிறகு அதைப் பிரித்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அது அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. அந்த மாதிரி ஒரு வரி எழுதி, பட்டாபிராம் பையன் ஒருவனுக்கு ஒரே மாதத்தில் வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சான்றிதழோடு அனுப்ப வேண்டிய படிவத்தில் நோயாளியின் கைப்பேசி எண் கேட்டிருந்தது. வரலட்சுமியின் எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார். நோய் பொய்யாக இருக்கலாம். படிவத்தில் எண் பொய்யாக இருக்கக் கூடாது. அது முப்பத்தாறு வருஷப் பழக்கம்.

அடுத்த நாட்கள் அவருக்கு நரகமாக இருந்தன. வரலட்சுமி பேசியதெல்லாம் பால்கனி.

"பால்கனில நாற்காலி எத்தனை இருக்கும்?"

"ரெண்டு."

"காத்து ரொம்ப அடிக்குமோ?"

"அடிக்கும், அடிக்கும்."

"அதான் ஆவடி மார்க்கெட்ல துணிக்குப் போடற கிளிப் ஒரு டஜன் வாங்கிட்டேன். நடுக்கடல்ல நம்ம துண்டு பறந்து போச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

 தசரதன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் வரலட்சுமி ஒரு துண்டு பலாச்சுளையைப் போட்டாள். 'நாளைக்குச் சொல்லலாம்' என்று மென்று விழுங்கினார். கம்பெனியிலிருந்து தகவல் வந்ததா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கைப்பேசியைப் பார்த்தார். நகைக்கடைக்காரர்கள் குறுஞ்செய்தியில் நலம் விசாரித்திருந்தார்கள். கப்பல்காரர்கள் விசாரிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, கீரைக் கட்டோடு அவர் உள்ளே நுழைந்தபோது வரலட்சுமி பேசி முடித்துக் கைப்பேசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"ஒரு பொண்ணு. ரொம்ப மரியாதையாப் பேசினா. என் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா."

"இன்ஷூரன்ஸ்காரங்களா இருக்கும். விடாம தொந்தரவு பண்ணுவாங்க."

"ஆமா. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்காங்க." கீரையை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தலை ஏதும் சுத்துதா?"

"எனக்கா? எதுக்கு?"

"வெயில்ல போயிட்டு வந்தீங்களே, அதான்."

மனைவி கரிசனமாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

"லேசா சுத்துது" என்றார். மோர் கிடைத்தது.

அன்றோடு வரலட்சுமி பால்கனியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பஞ்சவர்ணம் அடிக்கடி வந்து போனாள். இருவரும் அடுக்களையில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரே பெட்டி போதும் என்று அவர் சொல்லியும் வரலட்சுமி இரண்டு பெட்டிகளாகக் கட்டினாள். அவருடைய சட்டைகள் ஒன்றில், அவளுடைய புடவைகள் இன்னொன்றில். பெண்களுக்குப் பயணம் என்றாலே குதூகலம்தான் என்று தசரதன் நினைத்துக்கொண்டார். கேள்விகள் நின்றதே போதும் என்றிருந்தது.

துறைமுகத்தில் நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். கவுண்டரில் நிஷா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண், அவர்கள் அடையாள அட்டைகளை வாங்கித் திரையைப் பார்த்தாள்.

"தசரதன் சார், உங்க மனு கிடைச்சது. எங்க டாக்டர் பார்த்துட்டாங்க. மேடத்துக்கு மேல்தளத்துல பால்கனி ரூம் ஒதுக்கிட்டோம்."

தசரதனின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. திரும்பித் துலுக்கானத்தைப் பார்த்தார். கோட்டையைப் பிடித்த மன்னனின் பார்வை அது. மனு என்ற சொல் வரலட்சுமியின் காதில் விழுந்ததைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை.

"பார்த்தியா வரலட்சுமி?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

"மேடத்துக்கு மட்டும்தான் சார்" என்றாள் நிஷா. "உங்களுக்குத் தலைசுற்றல்னு எழுதியிருக்கீங்க. தலைசுற்றல் இருக்கறவங்களை நாங்க பால்கனிப் பக்கம் தங்க விடறதில்ல. கப்பல்ல ஆட்டம் கம்மியா இருக்கறது நடுவுல, கீழ்த்தளத்துலதான். நீங்க போட்ட ரூமே உங்களுக்கு ரொம்பப் பொருத்தம்."

"அதெல்லாம் இப்போ சரியாயிடுச்சும்மா!"

"போன புதன்கிழமைகூட லேசா சுத்துதுன்னீங்களே?" என்றாள் வரலட்சுமி.

தசரதன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா, உடம்பு சரியில்லாதவளைத் தனியா விடலாமா? நான் கூட இருக்க வேண்டாமா?"

நிஷா திரையிலிருந்து கணீரென்று படித்தாள். வரிசையில் அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"'என் மனைவியைக் கவனித்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.' நீங்களே கடைசியில எழுதியிருக்கீங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்த இரண்டு பக்க மனுவில் உண்மையாக இருந்தது அந்த ஒரு வரிதான் என்று தசரதனுக்கு அப்போது தோன்றியது. காது மடல் சுட்டது. வரலட்சுமி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனால துணைக்கு யார் வராங்கன்னு ஃபோன்ல கேட்டோம். வரலட்சுமி மேடம், பஞ்சவர்ணம் மேடம் பேரைக் கொடுத்தாங்க. அதே கப்பல்லதான் வராங்கன்னதும் எங்களுக்கும் சுலபமாயிடுச்சு."

"அப்போ நானு?" என்றார் துலுக்கானம்.

"நீங்க தசரதன் சார்கூட."

எல்லாம் பொய் என்று தசரதன் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் சான்றிதழ் பொய், டாக்டர் பொய், பதினெட்டு வருஷப் பிரதிநிதியும் பொய். பேனாவை வாங்கிக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கீழ்த்தள அறைக்குள் நுழைந்ததும் துலுக்கானம் சுற்றிலும் பார்த்தார்.

"எங்க எருமைக் கொட்டாயிலயே ரெண்டு ஜன்னல் கீது சார்."

தசரதன் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆனா உன் அலாட்மென்ட் சூப்பரா வேலை செய்யுது" என்றார் துலுக்கானம், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "என் பொண்டாட்டிக்கே பால்கனி வாங்கிக் குட்த்துட்ட. நானு முப்பது வருசமா முடியாதது."

மறுநாள் காலை பத்து மணிக்கு தசரதன் மேல்தளத்துக்கு ஏறினார். ஏறும்போதே மன்னிப்புக்கு வாக்கியம் கட்டினார். 'மேற்படி விஷயத்தில்' என்று தொடங்கியது. அழித்தார். வேறு மாதிரி தொடங்கத் தெரியவில்லை. கதவைத் தட்டினார்.

வரலட்சுமி திறந்தாள். கூந்தல் காற்றில் கலைந்திருந்தது. அறைக்குப் பின்னால், திறந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அவ்வளவு நீலம். அவளுடைய அந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய வருஷங்களில் அவர் கூட்டத்தில் இருந்தார்.

"வரலட்சுமி, நான் பால்கனி போடவே இல்லை."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு இட்லி சாப்பிடறப்பவே சந்தேகம்தான். அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணதும் நிச்சயமாயிடுச்சு."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன ஆகியிருக்கும்? நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு, எங்களுக்கு வேண்டாம், வேற யாருக்காவது கொடுங்கன்னு கம்பெனிக்கு எழுதியிருப்பீங்க. அவங்களும் கை தட்டியிருப்பாங்க."

தசரதன் செருப்பைப் பார்த்தார்.

"ஜன்னல் இல்லாத ரூம்தான்னு நிஜத்தைச் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?" என்றாள் வரலட்சுமி. கோபமில்லாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. "உங்ககூடத்தானே வந்திருப்பேன்."

 அவருக்கு எந்தக் கிரவுண்டும் கிடைக்கவில்லை.

"இன்னாக்கா, அண்ணாத்த வந்துகீறாரா?" பால்கனியிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. "உள்ள வரச்சொல்லு. கரெக்டா வந்தாரு."

 வரலட்சுமி வழிவிட்டாள். அவர் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனார். காற்று முகத்தில் மோதியது. உப்பு வாசனை. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் கடல்.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் வரலட்சுமி. தன் கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பால்கனிக் கம்பி ஓரமாகப் போய்ப் பஞ்சவர்ணத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். "எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்க."

தசரதன் கைப்பேசியை உயர்த்தினார். கண்ணில் ஏதோ கலங்கியது. திரையில் இரண்டு பெண்களும் அலைகளும் ஒன்றாக ஆடின. அந்தச் சிறிய சதுரத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"என்னங்க" என்றாள் வரலட்சுமி, சிரிப்பைக் கலைக்காமல். "விரலை எடுங்க. கடல் மறையுது."