வைக்கோலை எதிர்த்து உலகத்துக்கே கடிதம் போட்ட இடுக்கு அண்ணாச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப்போட்டேன். மாரியம்மன் படத்துக்கு முன்னால் நோட்டைத் திறந்து வைப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடிவிடுவேன். சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். இதில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது என்பது இன்னொரு காரணம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்ற துணிச்சல் இப்போதுதான் வந்தது. தப்பு அம்மனுக்கு அன்றைக்கே தெரியும். இனி உங்களுக்கும் தெரியட்டும்.

காலி இடத்தைக் கண்டு இடுக்கு அண்ணாச்சி அளவுக்குக் கோபப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு அவர் இடுக்கு அண்ணாச்சி.

விருதுநகர் பஸ்ஸில் ஏறினார் என்றால் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை உட்கார வைப்பார். ஐந்தாவது ஆளின் கூடையை நாலாவது ஆளின் மடியில் வைப்பார். கண்டக்டர் விசிலை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்கும் அவியலுக்கும் நடுவே இலை தெரிந்தால் போச்சு. "ஏய்யா, இங்கன ஒரு குடும்பமே குடியிருக்கலாம், கூட்டை வையும்" என்று பரிமாறுகிறவரை இழுத்துப் பிடிப்பார்.

பட்டாசு கம்பெனியில் அவர் பேக்கிங் போர்மேன். அங்கேதான் இந்தக் குணம் வந்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டியை மூடியதும் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல. உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் பிரி என்பார். "காலி இருந்தா உருளும், உருண்டா உரசும், உரசினா என்னாகும்னு நான் சொல்லணுமா?" ஒரு சீசனில் ஒரே ஒரு பெட்டிக்காகக் கிளம்பிய லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். முதலாளி ஓடி வந்தார்.

"ஒத்தப் பெட்டிக்கு லோடையே நிப்பாட்டுவீகளா?"

"நான் எதுக்கு நிப்பாட்டுறேன். அந்தப் பெட்டி மேல நீங்க உக்காந்து போங்க மொதலாளி, இப்பவே வழி விடுறேன்."

முதலாளி பெட்டியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், ஆபீசுக்குள் போய்விட்டார்.

ஒரு ஆர்டர் முடிந்து பெட்டியில் பாதி இடம் மிஞ்சினால் மற்ற கம்பெனிகளில் வைக்கோலைத் திணித்து மூடுவார்கள். அண்ணாச்சிக்கு வைக்கோல் என்றாலே ஆகாது. அதே ஊருக்குப் போகும் அடுத்த கடையின் சரக்கை அந்த மிச்ச இடத்திலேயே தொடங்கிவிடுவார். பெட்டிக்கு வெளியே நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முதல் கடை, அந்தப் பக்கம் அடுத்த கடை. சரக்கு மாறிப்போனதாக ஒரு புகார் வந்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நான் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு அம்மன் படம், ஒரு மின்விசிறி. என் படிப்பு பத்தாவது, தட்டச்சு லோயர். போன் வயரை நம்பி அந்தத் தொழில் நடக்காது என்று மொட்டை மாடியில் டிஷ் மாட்டினோம். நாம் கேட்பது போன் வழியாகப் போகும். பதில் டிவி படம் வருகிற மாதிரி வானத்து வழியாக வரும். வரும் என்றுதான் சொன்னார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் போய் உலை வைத்துவிட்டு வரலாம்.

ஏன் இம்புட்டு மெதுவு என்று பார்க்க, மதுரையிலிருந்து டிஷ் மெக்கானிக் தம்பி வந்தார். வேடிக்கை பார்க்க அண்ணாச்சியும் வந்தார். அந்தத் தம்பி எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். டிவி படத்தை ஏற்றி அனுப்பும் பெட்டியில்தான் இன்டர்நெட்டும் ஏறி வருகிறதாம். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, நூற்று எண்பத்தெட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. ஒரு சேதியின் கடைசித் துண்டு பத்தே எழுத்து என்றாலும் அதற்கு ஒரு முழுப் பெட்டி. மிச்சத்தில் ஒன்றுக்கும் ஆகாத எழுத்தைத் திணித்து மூடி அனுப்புவார்களாம்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அப்பம் வானத்துல இருந்து வைக்கோலா வருது?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன். இதை எப்படி ஏத்தணும்னு இப்ப உலகம் பூராவுக்கும் பொதுவா ஒரு விதி எழுதிக்கிட்டிருக்காங்க. மிச்ச இடத்துல அடுத்த சேதியைத் தொடங்கலாம், எங்க தொடங்குதுன்னு பெட்டித் தலையில ஒரு நம்பர் போட்டாப் போதும்னு அதுல ஒரு பத்தி இருக்கு. வாங்குற மிசின் குழம்பும், அந்தப் பத்தியே வேண்டாம்னு சில பேர் சண்டை போடுறாங்க."

"அது நான் போடுற நீலக் கோடுதான. எவன்லே அத வேண்டாங்கிறது?"

"எல்லாம் வெளிநாட்டு இன்ஜினியருங்க. மின்னஞ்சல்ல பேசிக்கிறாங்க. யார் வேணும்னாலும் எழுதலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தம்பி சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே டீக்கடையில் நின்று, அந்தப் பத்தியை எடுத்தார்கள் என்றால் மீசையை எடுத்துவிடுவதாக அண்ணாச்சி ஊரறியச் சொல்லிவிட்டார். அந்த மீசையை எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளைகளிடம், "அந்த மீசைக்குக் கீழ நில்லு, அம்மா வந்துருவா" என்று சொல்லி வைப்பார்கள்.

மறுநாள் அந்தத் தம்பியிடம் வாங்கிய மின்னஞ்சல் முகவரியோடு என் சென்டருக்கு வந்து உட்கார்ந்தார். "எழுது தாயி. ஒங்க ஊர்ல வானம் சும்மா கெடக்கு. எங்களுக்கு அது மாசாமாசம் காசு குடுக்குற வாடகை வானம். வாடகைக்கு வீடு பிடிச்சவன் பாதி வீட்டுல வைக்கோல அடைப்பானா? ஒங்களுக்கு வெக்கமா இல்லையா? மூணாப்பு படிச்ச லோடுமேன் எங்க கோட்டப் பாத்து சரக்கச் சரியாப் பிரிக்கான். ஒங்க மிசினுக்கு அம்புட்டு அறிவு கூடவா இல்ல? இப்படிக்கு, திருத்தங்கல் பேக்கிங் போர்மேன்."

எனக்கு விரல் ஓடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள். வெட்கமில்லையா என்று எப்படிக் கேட்பது? நாளைக்கு என் டிஷ்ஷையே பிடுங்கிவிட்டால்? அம்மனை நினைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வேறொன்று அடித்தேன். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் விதி மிக நன்று, எங்கள் ஊரிலும் பெட்டிகளில் குழப்பம் வரக்கூடாது, ஆகவே தயவுசெய்து ஆவன செய்ய வேண்டுகிறேன். திரையில் விபூதி பூசி அனுப்பினேன். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. "காரமா இருக்கா தாயி?" என்றார். "இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அகராதியை வைத்து இரண்டு முறை படித்தேன். குழப்பத்தைப் பற்றிய தங்கள் கவலையே எங்கள் கவலையும்; அந்தப் பத்தியை நீக்கச் சொல்கிறவர்களோடு இந்தியாவிலிருந்து ஒரு குரல் சேர்ந்ததில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தது. யாரை எதிர்த்து அவர் வரிந்து கட்டினாரோ, என் மரியாதை அவரைக் கொண்டுபோய் அவர்கள் பக்கமே நிறுத்திவிட்டது.

அன்று சமையலில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு எதுவும் ஓடவில்லை. அண்ணாச்சி தன் வாயால் தன் மீசைக்கு எதிராகவே சொன்னதாக உலகத்தில் பதிவாகிவிட்டது. காரணம் நான். விளக்கேற்றிக் கும்பிட்டேன். போய்ச் சொல்லு என்பதைத் தவிர அம்மன் வேறு என்ன சொல்வாள்?

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தாயி, பேக் பண்றவ சரக்க மாத்தலாமா? சரக்கு காரமோ கசப்போ, கொடுத்தவன் கொடுத்தது, வாங்குறவனுக்குப் போய்ச் சேரணும். நம்ம வேல மூடி அனுப்புறது."

"அவுக கோவிச்சுக்கிட்டா அண்ணாச்சி?"

"கோவிச்சா கோவிக்கட்டும். வைக்கோல் அனுப்புறவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதுக்கு?"

அப்புறம் உட்கார்ந்து சொன்னார், நான் அடித்தேன். "முதல் கடிதத்தில் இருப்பது எனக்கு எழுதிக்கொடுத்தவளின் பயம், என் சொல் அல்ல" என்பது முதல் வரி. பிறகு வாடகை வானம், வைக்கோல், வெட்கம், லோடுமேன் எல்லாம் அவர் வாயில் வந்தபடியே. நீலக் கோடு போட்ட பெட்டியை ஒரு தாளில் வரைந்து, ஸ்கேன் எடுத்து அதையும் சேர்த்தோம். இந்த முறையும் திரையில் விபூதி பூசித்தான் அனுப்பினேன்.

ஒரு வாரம் சத்தமில்லை. டீக்கடைக்காரர் விடுவாரா? "அண்ணாச்சி, சவரக்காரருக்குச் சொல்லிவிடவா? சீசன்ல அவருக்கும் கூட்டம்."

"சொல்லிவிடும். ஒமக்கு மொட்ட போடச் சொல்றேன், நான் காசு தாரேன்."

எட்டாம் நாள் பதில் வந்தது, அதுவே ஒரு கேள்வி. பெட்டியில் இடம் மிஞ்சியிருக்கிறது, ஆனால் அடுத்த சரக்கு இன்னும் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது. முன்னால இருக்கிறவன் சரக்கு தீவாளிக்கு முந்திப் போகணும். அப்ப மட்டும் வைக்கோலத் திணிச்சு மூடு. வேற வழியில்லாம திணிக்கிறது வேற, சோம்பேறித்தனத்துல திணிக்கிறது வேற." லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் என்றே அடித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

அந்த விதியின் அடுத்த வரைவு வந்தபோது மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். கடை வாசலில் பாதித் தெரு நின்றது. தம்பி திரையில் பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். அண்ணாச்சி மேல்துண்டால் மீசையை மூடிக்கொண்டு நின்றார்.

"இருக்கு அண்ணாச்சி. பத்தி இருக்கு. எம்புட்டு நேரம் காத்திருக்கிறதுன்னும் போட்டிருக்காங்க."

டீக்கடைக்காரர் அன்று எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஒவ்வொரு கிளாசையும் விளிம்பு தட்ட நிரப்பச் சொல்லி அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார்.

அவர் கடிதத்தால்தான் அந்தப் பத்தி தங்கியது என்று நான் சாதிக்க வரவில்லை. அங்கேயும் நியாயம் தெரிந்தவர்கள் வாதாடியிருப்பார்கள். விதி முடிந்து வெளிவந்தபோது உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர் பெயர் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. "பெட்டி மேல பேக் பண்ணவன் பேர எந்த ஊர்ல தாயி எழுதுறான்? பெட்டி ஆடாம போய்ச் சேந்துச்சா, அதக் கேளு" என்று போய்விட்டார்.

பேக்கிங் போர்மேனுக்கு இதில் என்ன தெரியும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன். பெட்டி கட்டத் தெரிந்தவன் பெட்டியைப் பற்றிப் பேசினான். அவனுக்கு வேறு யாரிடம் அனுமதி வேண்டும்?

அண்ணாச்சி போய் இரண்டு பங்குனி ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவர் கதையை ஒருவர் சொல்லக் கேட்டேன். அண்ணாச்சி மிகவும் பணிவாக ஒரு விண்ணப்பம் எழுதினாராம், வெள்ளைக்காரர்கள் கண்ணீர் விட்டு மெடல் அனுப்பினார்களாம். அன்று இரவே நோட்டை எடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மெடல் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், அவர் வாயில் மரியாதையான வார்த்தை எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டேன். அது அவராகவே இல்லை. அந்த முரட்டு மனிதரைத்தான் எங்கள் தெருவுக்குப் பிடித்திருந்தது.