பேய்ப்படம் பார்த்த பாலன்

ஊர் ஊராக அலைந்தவனுக்குப் பேய்ப் பயம் இருக்காது என்று வீட்டில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அலைந்தவனுக்குத்தான் விதவிதமான இருட்டு தெரியும். தாராபுரம் பக்கம் புகையிலைக் கொட்டகையில் படுத்திருக்கிறேன். ஊத்துக்குளியில் வெண்ணெய் டின்களுக்கு நடுவே படுத்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுடுகாட்டு மண்டபத்தில் தூங்கினேன். (அங்கே கொசு குறைவு. பேச்சுக்கு ஆள் வராது.) அங்கெல்லாம் என்னை எதுவும் தொடவில்லை. தொட்டது வேலம்பாளையத்தில், நாலு தெரு தள்ளி கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில்.

அறுபதுகளின் தொடக்கம் அது. குண்டடத்துப் பள்ளிக்கூடமும் நானும் ஐந்தாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்த நாள் வரைக்கும் எந்த வேலையிலும் எனக்கு ஒரு வருடம் முழுசாக ஓடியதில்லை. யாராவது ஒரு சத்தம் போட்டால் போதும், மறுநாள் வேறு ஊரில் இருப்பேன். இதை அப்போது ரோஷம் என்று நினைத்திருந்தேன்.

திருப்பூருக்கு வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறையில் சேர்ந்தேன். மேஸ்திரி அருளப்பன், வேதக்காரர். பட்டறைக்குப் பின்னால் சுண்ணாம்பு மூட்டை அடுக்கும் கொட்டாயில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார். அவர் மனைவி தெரசம்மா சோறு கொடுத்தார். சுண்ணாம்பு வாசத்தில் தூங்கி, பிளீச்சிங் மருந்து வாசத்தில் விழித்து, கை விரல்களில் தோல் உரிந்து நன்றாகவே இருந்தேன். ஒரே ஆசை, பனியன் மெஷினில் நிற்க வேண்டும் என்பது. மெஷின்காரன் கை நனையாது. மெஷின்காரனை முதலாளியே பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அந்த இடத்துக்கு மேஸ்திரி கை காட்டுகிறவன்தான் போக முடியும்.

இங்கே எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பனியன் துணி மெஷினிலிருந்து வரும்போதே குழாயாகத்தான் வரும். இரண்டு பக்கமும் திறந்த தலையணை உறை மாதிரி. அதைச் சலவைத் தொட்டியில் போடும்போது ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க, ஒரு முனையில் முடிச்சுப் போடுவோம். வெளுத்து, அலசி, பிழிந்த பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் கம்பியில் தொங்கவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் முடிச்சுக்குள் மருந்து தங்கிக் கறை பிடிக்கும். முடிச்சு அவிழ்ப்பது என் வேலை. ஈரத்தில் இறுகிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்ப்பது என்பது பெரும்பாலும் சுண்ணாம்பைத் தின்பதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை தெரசம்மா கூப்பிட்டார். எங்கள் பக்கத்து மாதா கோயிலில் அன்று சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. கடைசியில் மேஸ்திரியின் மகள் ஸ்டெல்லா தனியாக ஒரு தாலாட்டுப் பாடுவாள். அந்தத் தாலாட்டுக்குத்தான் நாலு ஊர் சனம் கூடும். காரணம் ஒரு பொம்மை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி விட்டுப்போன பீங்கான் குழந்தை ஏசு. பாலன் என்றுதான் சொல்வார்கள். நிமிர்த்தினால் கண் திறக்கும், சாய்த்தால் மூடும். பாட்டின் கடைசி அடியில் ஸ்டெல்லா அதைக் குடிலில் சாய்ப்பாள். பாலன் கண்ணை மூடுவார். உடனே கோயில் மணி அடிக்கும். பெண்கள் அழுவார்கள். கோயமுத்தூரிலிருந்து பெரிய சாமியார் அந்த வருடம் இதைப் பார்க்கவே வருகிறார்.

"கண்ணு ரங்கா, டவுனு டெய்லரூட்டுல நம்ம பாலன் இருக்குது. புது அங்கி தெச்சாச்சாம். மத்தியானமாப் போயி வாங்கி, ஆறு மணிக்குள்ள கோயலுக்குக் கொண்டாந்துரு சாமி. வழியில எங்கியும் கீழ வெக்கப்படாது."

"செரீங்கம்மா."

பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி துப்பிவிட்டுச் சொன்னார். "இதையாச்சும் ஒழுங்காப் பண்ணு. பண்ணுனயின்னா தையில உன்ன மெஷின்ல நிக்க வெக்கறேன். இல்லீனா அடுத்த ஊரு எதுன்னு பாத்துக்க."

சனிக்கிழமை ராத்திரி வெளுத்துப் பிழிந்து வைத்தவை ஆள் உயரத்துக்கு வெட்டிய பீஸ்கள். எல்லாம் முடிச்சோடு கூடையில் கிடந்தன. நான் முதல் முடிச்சில் பல் வைத்தபோது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கூட வேலை செய்யும் மாரப்பன்.

"டேய், டவுனுக்குத்தான போற? மேட்னிக்குப் பேய்ப்படம்டா. இப்பவே போனாத்தான் டிக்கெட்டு."

முடிச்சையா பேயையா என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் முடிச்சோடே, முடிச்சு மேலே இருக்க, கம்பியில் மாட்டிவிட்டுச் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டேன். வானம் மப்பாக இருந்தது, துணி எப்படியும் காயாது. ராத்திரி வந்து அவிழ்த்துக்கொள்ளலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

டெய்லர் பொம்மையைச் சட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வழியில் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தியேட்டருக்குள்ளும் நான் கீழே வைக்கவில்லை. மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். (சொன்ன சொல் தவறாதவன்.)

அந்தப் படத்தின் கதை எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஒரு பங்களா, ஒரு வெள்ளைச் சேலைக்காரி. அவள் ஓடவில்லை, சிரிக்கவில்லை, பாடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தூரத்தில் நிற்பாள். அவள் வந்திருக்கிறாள் என்பது ஒரு பெருமூச்சில் தெரியும். நீளமாக இழுத்து, மெதுவாக விடுவாள். அந்த மூச்சு கேட்டால் கதாநாயகன் திரும்புவான். ஒன்றும் இருக்காது. நமக்கு மட்டும் தெரியும், ஜன்னலில் அவள் ஒரு அடி கிட்டே வந்திருப்பாள்.

முன் பெஞ்சிலிருந்த ஒரு அம்மா திரும்பினார். "ஏனுங்க, கொழந்தைக்கு அம்மா வரலீங்களா?"

"வரலீங்க."

"இத்தன சத்தத்துலயும் அழுகாம இருக்குது பாருங்க. எத்தன வயசுங்க?"

"தெரியலீங்க. மேஸ்திரியூட்டுதுங்க."

அவர் பாசமாகக் கையை நீட்டிக் கன்னத்தைத் தொட்டார். கை அப்படியே நின்றது. திரை வெளிச்சத்தில் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் புருஷனை எழுப்பிக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மாரப்பன் என் காதில் சொன்னான். "டேய், அதப் படுக்க வெய்யி. அது பாக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

"படுக்க வெச்சாக் கண்ண மூடிக்கும்டா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"பாக்கட்டும் வுடு. பாவம், வருசம் பூராம் பெட்டிக்குள்ளயே கெடக்குது."

அப்படியாக நாங்கள் மூன்று பேரும் படத்தைக் கடைசி வரை பார்த்தோம். மாரப்பன் பாதி நேரம் கண்ணை மூடியிருந்தான். நானும் அவ்வப்போது மூடினேன். முழுசாகப் பார்த்தது பொம்மை ஒன்றுதான்.

வெளியே வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாரப்பன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சைக்கிளை மிதித்துவிட்டான். பேய்ப்படம் முடிந்ததும் அவனுக்கு அக்கா மேல் பாசம் வந்துவிட்டது. நான் நடந்தேன். ரோட்டு வழியே போனால் நேரமாகிவிடும், எங்கள் பட்டறைத் துணி காயப்போடும் வெட்டவெளிக் காட்டுக்குள் புகுந்தால் நேரே கோயில் பின்பக்கம் போய்விடலாம் என்று குறுக்கே திரும்பினேன்.

தினமும் நடக்கிற காடுதான். மூங்கில் நட்டு, வரிசை வரிசையாகக் கம்பி கட்டியிருக்கும். மார்கழிப் பனி தரையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் இல்லை. தூரத்தில் கோயிலில் ஆர்மோனியப் பெட்டி இசைத்துச் சுருதி பார்ப்பது கேட்டது. நான் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அது நிமிர்ந்தபடி என் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

காற்று இல்லை. பிறகு கொஞ்சம் காற்று வந்தது.

முதலில் மூச்சுதான் கேட்டது. நீளமாக இழுத்தது. மெதுவாக விட்டது.

நான் நின்றேன். அதுவும் நின்றது. காலை எடுத்து வைத்தேன். மறுபடி இழுத்தது. இந்தத் தடவை ஒன்று இல்லை, வரிசை பூராவும் ஒருசேர இழுத்தது. திரும்பிப் பார்த்தேன்.

பனிக்கு மேலே அவர்கள் நின்றார்கள். வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு, கால் இல்லாமல். காலையில் அங்கே துணி தொங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் துணி சப்பையாகத் தொங்கும். இவர்களுக்கு உடம்பு இருந்தது. தோளும் வயிறும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே சின்னதாகத் தலை இருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. மூச்சை இழுக்கும்போது உடம்பு பருத்து என் பக்கம் ஒரு அடி வந்தது. விடும்போது மெலிந்து பின்னால் போனது. மறுபடி இழுத்தபோது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.

அந்த நேரத்தில் என் மூளை நல்ல வேலை ஒன்று செய்திருக்கலாம். இந்தத் தலைகளையெல்லாம் காலையில் யார் கட்டியது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அது அந்த வேலையைச் செய்யவில்லை. காலைத்தான் கிளப்பியது.

ஓடினேன். வரிசைக்கு நடுவே ஓட வேண்டியவன் வரிசைக்குக் குறுக்கே ஓடினேன். குனிந்து ஒரு கம்பிக்கு அடியில் நுழைந்து நிமிர்ந்தபோது உலகம் வெள்ளையாகிவிட்டது. குளிர்ந்த ஈரம் ஒன்று தலையிலிருந்து முழங்கால் வரை என்னை விழுங்கி, உடம்போடு ஒட்டிக்கொண்டது. கையை விரிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் வாய்க்குள் வந்தது. மேலே கம்பியில் என்னவோ இழுத்து, அறுந்தது.

துணியைக் கழற்றியிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கழற்றக் கை வேண்டும். கையில் பாலன் இருந்தார். கீழே வைத்தால் மெஷின் போய்விடும். அந்த நிலைமையிலும் எனக்கு மெஷின் ஞாபகம் இருந்தது என்பதை நான் இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன். பனியன் துணியின் பின்னல் கண்கள் வழியே மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒரு பெண் பாடுவது கேட்டது. மனுசக் குரல். அதைப் பார்த்து ஓடினேன்.

கோயிலுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நேரமாகிவிட்டதே, ரங்கன் எப்படியும் வந்துவிடுவான் என்று ஸ்டெல்லா தாலாட்டைத் தொடங்கிவிட்டாள். வழக்கப்படி காஸ் லைட்டை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். குடிலில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. அப்போது பக்கத்துக் கதவு திறந்து, தலை சாய்ந்த வெள்ளை உருவம் ஒன்று, மார்பில் ஒரு பிள்ளையை அணைத்தமாதிரிப் புடைப்போடு, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம் என்று தெரசம்மா சொல்வார். பிறகு பெஞ்சுகள் விழுந்தன. மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் பயத்தில் அதிலேயே தொங்கிவிட்டதால் மணி விடாமல் அடித்தது. பெரிய சாமியார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார், ஆனால் கிட்டே வரவில்லை. நானோ உள்ளேயிருந்து, "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரத்துணி வழியே அது வேறு விதமாகக் கேட்டிருக்கிறது.

என்னை நோக்கி நடந்து வந்தவர் ஒரே ஒருவர். மேஸ்திரி அருளப்பன். மெழுகுவர்த்தியைத் தூக்கி, என் தலையை அல்ல, தலைக்கு மேலே இருந்ததைப் பார்த்தார். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நம்ம பீஸு," என்றார். "முடிச்ச எவன்டா அவுக்கல?"

மணி நின்றது. நான் துணிக்குள் நின்றபடியே சொன்னேன். "நாந்தானுங்க."

அவரே முடிச்சை அவிழ்த்தார். (பல்லால்தான்.) துணியை வழித்து எடுத்தார்கள். உள்ளே நானும் பாலனும் இருந்தோம். பாலனுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு உச்சந்தலையில், முடிச்சு அழுந்திய இடத்தில், மருந்து பட்டு ஒரு கை அகலம் செம்பட்டையாகிவிட்டது. அது ஆடி வரைக்கும் இருந்தது.

தெரசம்மா பொம்மையை வாங்கித் துடைத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். பெஞ்சுகளை நிமிர்த்தினார்கள். ஸ்டெல்லா தாலாட்டை முதலிலிருந்து பாடினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கடைசி அடி வந்தது. பாலனைக் குடிலில் சாய்த்தாள்.

கண் மூடவில்லை.

நிமிர்த்தி மறுபடி சாய்த்தாள். மூடவில்லை. இன்னொரு தடவை பாடினாள். பாட்டுக்குழு முழுக்கச் சேர்ந்து பாடியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாலன் வைக்கோலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கூரையில் யாரோ நிற்கிற மாதிரி பார்த்தார். சில பேர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பெரிய சாமியார் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு ஆண்டவர் தூங்கற மாதிரி இல்லை. முழிச்சுருக்கட்டும். நாம போவோம்."

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனார். என் பேய்கள் பனியில் நனைந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. நான் துணிமணி மூட்டையைக் கட்டிக் கையிலேயே வைத்திருந்தேன்.

"மெஷின் கெடையாது," என்றார்.

"செரீங்க."

"எல்லாத்தையும் அவுத்துட்டுப் போ. ஒத்தையில பயமா இருந்தா பாலனத் தொணைக்குக் கூட்டிக்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். காட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதற்கு முன் என்னைத் திட்டிய ஊர்களை விட்டுப் போயிருக்கிறேன். என்னைப் பார்த்து இப்படிச் சிரித்த ஊரை எப்படி விட்டுப் போவது என்று தெரியவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முடிச்சுகளை அவிழ்த்தேன். மெஷினில் நிற்க இன்னும் மூன்று தை ஆயிற்று.

அப்புறமும் நான் பல ஊர் போனேன். கால் அப்படி. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வேலம்பாளையம் வந்துவிடுவேன். மேஸ்திரியும் தெரசம்மாவும் இப்போது இல்லை. பொம்மை ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறது. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், உள்ளே இருக்கும் ஈயக்குண்டு ஈரத்தில் பிடித்துக்கொண்டது என்று சொல்லி அதைச் சரி செய்தார். அவர் கடையில் ஒழுங்காக மூடித் திறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து குடிலில் படுக்க வைத்தால் மூடுவதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு நான் உள்ளே நுழைந்ததும் ஸ்டெல்லா எழுந்து போய்ப் பாலன் முகத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டாள். புதிதாக வந்திருந்த மருமகள், ஏனுங்கத்தை என்று கேட்டாள்.

"இந்த அண்ணன்தான் அதுக்குப் பேய்ப்படம் காட்டுனது கண்ணு. அன்னைக்குப் போன தூக்கம் இன்னும் வரல. மூஞ்சியப் பாத்துச்சுன்னா மறுபடியும் ஞாபகம் வந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குப் பாய் போட்டது குடில் இருந்த அறையில். விளக்கை அணைப்பதற்கு முன்னால் எழுந்து போய், கைக்குட்டை விலகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன். விலகியிருந்தது.