மாமாவின் சாரியும் நான் குனிந்த குனியும்

புது பைக் வாங்கியவனும் புது மொழி கற்றவனும் ஒரு ஜாதி. இரண்டு பேராலும் வீட்டில் சும்மா உட்கார முடியாது. எனக்கு அப்போது ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறிய திமிர். (இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைப்பானேன்.)

செல்லூரில் துண்டு நெய்யும் தறி போட்டிருக்கும் சண்முகம் மாமா ஒருநாள் கூப்பிட்டார். "மாப்ள, ஜப்பான்லேர்ந்து தனாகான்னு ஒருத்தரு சரக்குப் பாக்க வாராரு. ஆர்டர் கெடச்சா ரெண்டு தறிய விக்காமத் தப்பிச்சுக்குவேன். நான் இங்கிலீஷ்ல பேசுறேன், நீ அவுக பாஷையில சொல்லு." தமிழிலேயே சொல்லுங்களேன் என்றதற்கு, முதலாளிக்கு மரியாதை வேண்டாமா என்று கேட்டுவிட்டார்.

மாமாவின் ஆங்கிலத்தில் பாதி 'சாரி'தான். காதில் விழாவிட்டாலும் சாரி, வழி விடச் சொன்னாலும் சாரி, வருத்தப்பட்டாலும் சாரி. ஜப்பானிய மொழியில் ஒவ்வொன்றையும் வேறு வேறு மாதிரி சொல்வார்கள். நானோ அத்தனைக்கும், உருப்போட்டதிலேயே கனமான மன்னிப்பை எடுத்துவிட்டேன்: "மோஷிவகே கொசைமசென்." பெரிய கம்பெனி பெரிய தப்பில் மாட்டிக்கொண்டால் அதன் முதலாளி இடுப்பை மடித்துச் சொல்கிற வார்த்தை அது. நானும் மடித்தேன்.

தறிச் சத்தத்தில் தனாகா கேட்டது மாமா காதில் விழவில்லை. "சாரி?" என்றார். நான் குனிந்தேன். தனாகா திகைத்துப்போய் என்னைவிடக் கீழே குனிந்தார். மாமா அவரைத் தாண்டிப் போக "சாரி, சாரி" என்றார். மறுபடி குனிந்தேன். அப்புறம் கரண்ட் போனது. அதற்கும் மாமா சாரி சொன்னார், கேட்கவே வேண்டாம்.

"ஏம் மாப்ள, நீயும் குனியிற, அவரும் குனியிறாரு. நானும் குனியணுமா?" என்று மாமாவும் குனிந்தார்.

இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றால் சரக்கில் ஏதோ பெரிய கோளாறு என்று தனாகா முடிவு கட்டிவிட்டார். கட்டிவைத்த மூட்டைகளை எல்லாம் பிரிக்கச் சொன்னார். மாமா முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தனாகா டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பிரித்தார். சாயங்காலம் வரை தேடியும் ஒரு இழைகூடப் பிசகியிருக்கவில்லை.

வேர்த்துப்போய் எழுந்தவரிடம் டீயை நீட்டி, மாமா மெல்ல "சாரி சார்" என்றார். இந்தத் தடவை யோசித்தேன். இது மன்னிப்பில்லை, பாவம், இந்த மனுசன் நம்மோடு சேர்ந்து இப்படி மாடாய் உழைத்தாரே என்பது. நிமிர்ந்து நின்று, "ஒத்சுகரேசமா தேஷ்தா" என்றேன். ஒன்றாக வேலை செய்தவர்கள், வேலை முடிந்ததும் அசதி தெரிந்து சொல்லிக்கொள்கிற வார்த்தை. தனாகா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். தன் கையாலேயே பார்த்த சரக்காயிற்றே, ஆர்டரையும் அங்கேயே கொடுத்தார்.

அந்த இடத்துக்கு அந்த வார்த்தைதான் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கண்டெடுத்தேன் என்று இன்றும் பெருமையடித்துக்கொள்கிறேன். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. குழம்பில் உப்புக் கூடினால், "மருமகனக் கூப்புடுங்க, வந்து குனிஞ்சிட்டுப் போகட்டும்" என்கிறார் அத்தை.

மாமா மட்டும் சிரிக்காமல் சொல்வார்: "இவன் ஒழுங்காப் பேசியிருந்தா அந்தாளு நாலு துண்டப் பாத்துட்டுப் போயிருப்பாரு."